700 ரூபாயில் ஒரு ஞாயிறு: திருப்பூரிலிருந்து பொடுசுகளோடு எங்கே போகலாம்?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். பையனுக்கு 6 வயது, பாப்பாவுக்கு 3. ஞாயிறு மட்டும்தான் லீவு. மாலுக்குப் போனால் விளையாட்டுக் கார்டு, பாப்கார்ன், பிரியாணி என்று 2,000 ரூபாய் போன இடம் தெரிவதில்லை. 700 ரூபாய்க்குள் ஒரு நாள் வெளியே போய் வர நம்ம கொங்குப் பக்கம் என்ன இருக்கிறது?

பதில்:

தாராளமாகப் போய் வரலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் கூட்டி வந்தே பாதி வயதைக் கழித்தவள் நான். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், எந்த நேரத்தில் அழ ஆரம்பிப்பார்கள் என்பது ஓரளவு தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம்ம பக்கத்து அணை, குளம், கோயில், பூங்கா எதிலும் நுழைவுச்சீட்டு பெரிய செலவே இல்லை. காசு போவது இரண்டு வழியில்: ஒன்று தூரம், இன்னொன்று பசி. காலை பத்து மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்து, வெயிலில் பிள்ளைகள் சிணுங்க, கண்ணில் பட்ட ஓட்டலில் நுழைந்தால் 700 ரூபாய் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அந்தக் கோயிலையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று இரண்டாவது, மூன்றாவது இடம் சேரும்போது ஆட்டோ, ஐஸ்கிரீம், எரிச்சல் எல்லாம் சேர்ந்தே வரும்.

அதனால் ஒரு நாளுக்கு ஒரே இடம். விடியக் கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குள் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்துவிடுங்கள். பாப்பா மடியிலேயே தூங்கிவிடும். ஞாயிறு சாயங்காலம் உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே.

பஸ் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிடச் சலுகை அதிகம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அரசுப் பேருந்தில் 5 வயது வரை குழந்தைகளுக்கும் இலவசம். 2022 வரை அது 3 வயதாக இருந்தது. பையனுக்கு அரை டிக்கெட். ஆக, டவுன் பஸ்ஸில் போனால் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று, பையனுக்கு அரை, அவ்வளவுதான். ஏறுவதற்கு முன் வண்டியின் முகத்தைப் பாருங்கள். பிங்க் பெயின்ட் இருந்தால் உங்களுக்கு இலவசம். டீலக்ஸ், சொகுசு வண்டிகளுக்கும் வெளியூர் பஸ்களுக்கும் இது பொருந்தாது. ரயிலிலும் 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம்.

இருக்கிற மொபெட்டிலேயே நான்கு பேரும் போய்விடலாமே என்று தோன்றும். பக்கத்துத் தெருவுக்குச் சரி என்று ஊரே போகிறது. ஆனால் 4 வயது தாண்டிய பிள்ளை சட்டப்படி ஒரு முழு ஆள். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டு 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போவது, மிச்சமாகும் காசுக்கு ஈடான காரியம் இல்லை.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

உங்களுக்கு மிகப் பக்கம் நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி ரோட்டில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம். திருப்பூரிலேயே இருந்துகொண்டு இந்தக் குளத்தைப் பார்க்காதவர்கள் ஏராளம். நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிற்கும் குளம், பரப்பு 125 ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் இது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பொருள். சாயப்பட்டறை ஊர் என்று பெயர் வாங்கிய திருப்பூருக்கு இப்படி ஒரு பெருமையும் இருக்கிறது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால்தான் கூட்டமாகப் பறவைகள் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து என்று ஒன்று வரும். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருவது. உங்கள் பையனிடம் அதைச் சொல்லுங்கள், "அவ்வளவு உசரம் பறந்தா மூச்சு வாங்காதா?" என்று கேட்பான். நல்ல கேள்வி. காற்று மெலிந்த உயரத்திலும் அந்த வாத்தின் ரத்தம் ஆக்சிஜனை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் முடிகிறது.

ஆனால் மூன்று வயதுப் பாப்பாவுக்கு மங்கோலியா எல்லாம் எதற்கு? குளத்தைக் காட்டி "எத்தனை பறவை பாரு" என்றால் ஐந்து நிமிடத்தில் மண்ணை அள்ள ஆரம்பித்துவிடும். நான் செய்வது வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு பறவை என்று பிரித்துக் கொடுத்துவிடுவேன். பாப்பாவுக்கு நீர்க்காகம் கொடுங்கள். கறுப்பாக இருக்கும், பட்ட மரக்கிளையிலோ கல்லிலோ இரண்டு சிறகையும் விரித்து அப்படியே நிற்கும். "அது எதுக்கு டீச்சர் கையைத் தூக்கிட்டு நிக்குது?" என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. வாத்தின் சிறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் சிறகு நனையும்; நனைந்து கனத்தால்தான் அதனால் ஆழமாக முங்கி மீன் பிடிக்க முடியும். பிடித்து முடித்ததும் ஈரத் துணியைக் கொடியில் விரித்த மாதிரி சிறகைக் காயப்போடும். பையனுக்குப் பாம்புத்தாராவைக் கொடுங்கள். உடம்பு தண்ணீருக்குள்ளே இருக்கும், கழுத்து மட்டும் பாம்பு நீந்துகிறதோ என்று நினைக்கும்படி வெளியே தெரியும். கண்டுபிடித்துவிட்டால் ஊருக்கே கேட்கும்படி கத்துவான். கத்தாமல் கையைக் காட்டச் சொல்லிப் பழக்குங்கள். பைனாகுலர் தேவையில்லை, யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிப் போங்கள்.

குளத்துக்குக் கிட்டத்திலேயே சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கும் பழைய கற்கோயில், ஆரவாரம் இருக்காது. ஒன்பது மணிக்குப் பறவை பார்த்து அலுத்ததும் அங்கே போய் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைப் பிரிக்கலாம். கோயிலுக்கு வெளியே, மர நிழலில். பத்தரைக்கு வீடு. மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை.

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இதே வேலைக்கு வெள்ளோடு. அதுவும் 2022இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அங்கே பக்கத்தில் தெரியும்.

அடுத்தது சிவன்மலை. காங்கேயம் பக்கம், சின்ன மலைதான். மேலே போக ரோடும் உண்டு, படியும் உண்டு. படியில் போங்கள், ஆறு வயதுக்காரன் உங்களுக்கு முன்னால் ஓடிவிடுவான். பிள்ளைகளுக்கு அங்கே உண்மையான ஆச்சரியம் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. ஏதாவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்லுவார். அந்த ஆள் கோயிலில் வந்து சொன்னதும், சாமியிடம் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த ஆளின் கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், நெல், சைக்கிள் என்று எது வேண்டுமானாலும் வரலாம். கீழே இருந்து ஏறும்போதே "இப்போ பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?" என்று பந்தயம் கட்டிக்கொண்டு போங்கள். பாதிப் படி தெரியாமலே ஏறிவிடலாம். குரங்குகள் உண்டு, கையில் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். திரும்பும்போது காங்கேயம் காளை எங்கேனும் தோட்டத்தில் கட்டியிருந்தால் பஸ்ஸிலிருந்தே காட்டலாம். கன்றாக இருக்கும்போது செந்நிறம், வளர்ந்தால் வெள்ளையும் சாம்பலுமாக மாறிவிடும் என்று சொன்னால் பையன் நம்பமாட்டான்.

அவிநாசிக் கோயிலுக்கு நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். இந்த முறை கதையோடு போங்கள். குளத்தில் குளித்த பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது; சில வருஷம் கழித்து அந்த வழியாக வந்த சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கல்யாணமும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டு, விசாரித்து, பதிகம் பாடினார்; முதலை அந்தப் பிள்ளையை, வயதுக்கேற்ற வளர்த்தியோடு, கரையில் கொண்டுவந்து விட்டது. டவுன் பஸ்ஸில் போய் வரலாம் என்பதால் கிட்டத்தட்ட இலவசப் பயணம்.

முதலை என்றதும் அமராவதி அணையைச் சொல்லாமல் விட முடியாது. இது கொஞ்சம் தூரம். உடுமலை போய் அங்கிருந்து அமராவதி நகர் பஸ் பிடிக்க வேண்டும், உங்கள் 700இல் பாதி பஸ்ஸுக்கே போய்விடும். வருஷத்தில் ஒரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1970களின் நடுவிலிருந்து அங்கே வனத்துறை முதலைப் பண்ணை இருக்கிறது. அணைத் தண்ணீரிலும் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. பண்ணையில் தொட்டி தொட்டியாகச் சதுப்பு நில முதலைகள், குட்டியிலிருந்து பெரிசு வரை. சுவரை ஒட்டி நின்றதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது பொம்மையா?" அசையாது. வாயைத் திறந்தபடி கல்லாகக் கிடக்கும். கோபத்தில் வாயைத் திறக்கவில்லை, உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. முதலைக்கு நம்மைப்போல வேர்க்காது. பொறுமையாகப் பத்து நிமிடம் நின்றால் ஏதாவது ஒன்று நகரும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் போகிறோம், அவசரப்படுத்தாதீர்கள். கல்லெறிந்து எழுப்பப் பார்க்கும் பெரிய மனிதர்கள் அங்கேயும் உண்டு. பையன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூட்டை வைத்துத்தான் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது என்பது பெரியவர்களுக்கும் புதுச் செய்தியாக இருக்கும். அப்புறம் அணைப் பூங்காவில் சோத்து மூட்டையைப் பிரித்தால் நாள் முடிந்தது. திருமூர்த்தி மலையையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். அது தனியாக ஒரு நாள்.

தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் கொடிவேரி. கோபியில் இறங்கி சத்தியமங்கலம் பஸ் ஏற வேண்டும். பவானி ஆற்றுக்குக் குறுக்கே சுமார் 20 அடி உயரத்தில் பாறையைச் சேர்த்துக் கட்டிய பழைய அணை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால்கள் இங்கிருந்துதான் பிரிகின்றன. கோபி பச்சைப்பசேல் என்று இருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம். அணை முழுக்கத் தண்ணீர் வழிந்து விழும், கீழே நின்று தலையைக் கொடுத்தால் போதும். குற்றாலம் போக வேண்டாம்.

ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போவதால் சில விஷயம் அழுத்தமாகவே சொல்கிறேன். பவானிசாகர் அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டால் கொடிவேரியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாறையெல்லாம் பாசி, வழுக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆழமான குழிகள் உண்டு. நீச்சல் தெரிந்த பெரியவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். பாப்பாவின் கையைப் பிடிக்கும் வேலை ஒருவருடையது, பையனைப் பார்க்கும் வேலை இன்னொருவருடையது என்று கரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். "நீ பார்த்துட்டு இருப்பேன்னு நினைச்சேன்" என்பதுதான் எல்லா விபத்துக்கும் முதல் வரி. போன் பைக்குள் இருக்கட்டும், செல்ஃபி கரை ஏறிய பிறகு. ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் அங்கே நிற்க இடமிருக்காது, அதனால் எட்டரை ஒன்பதுக்குள் போய்ச் சேருவது நல்லது. மீன் வறுவல் வாசனை மூக்கைத் துளைக்கும். ஒரு தட்டு வாங்குங்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லும் கஞ்சத்தனம் எனக்குக் கிடையாது. விலையை முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள். முள் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அப்பாவுடையது.

கீழ்பவானி வாய்க்காலிலும் காலிங்கராயன் வாய்க்காலிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். பார்க்கத் தெளிவாகவும் அமைதியாகவும் ஓடும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். பஞ்சலிங்க அருவி மாதிரி இடங்களில் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை பெய்து வெள்ளம் வந்துவிடும். இந்த வயதுப் பிள்ளைகளோடு மழைக்காலத்தில் அருவிப் பக்கமே வேண்டாம் என்பேன்.

கோயமுத்தூருக்கு ரயிலில் போங்கள். பஸ் வேண்டாம். ஒரு மணி நேரப் பயணம். பாசஞ்சர் அல்லது மெமு வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பையனுக்கு அதுவே சுற்றுலா. வஞ்சிபாளையம், சோமனூர், சூலூர் ரோடு, இருகூர் என்று ஸ்டேஷன் பெயர்களைப் படிக்க வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருப்பதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. இறங்கியதும் காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா. பழைய மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் 2025 நவம்பரில் திறந்தது, கட்டணம் குறைவு. மரமெல்லாம் இன்னும் வளர வேண்டும், மதிய வெயிலுக்கு நிழல் போதாது. காலையிலோ பொழுதோடோ போவதுதான் சரி. கூட்டம் பிடிக்காதவர்கள் லாலி ரோடு பக்கம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். பழைய தாவரவியல் பூங்கா, நிஜமான நிழல். அங்கேயே 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் இருக்கிறது. கரப்பானைக் கண்டால் அலறும் பிள்ளைகூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலைப்பூச்சியை மூக்கை ஒட்டிப் பார்க்கும். ஆர்.எஸ்.புரம் பக்கம் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் பாடம்செய்த விலங்குகளுக்காகப் பார்க்க வேண்டியது. அரசு அருங்காட்சியகங்களுக்கெல்லாம் வார விடுமுறை ஒவ்வொரு மாதிரி இருக்கும், முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்; பூட்டிய கேட்டுக்கு முன்னால் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது கொடுமை.

பேரூர்ச் சிவன் கோயிலுக்குப் போவதென்றால் டவுன் பஸ். அங்கே கனகசபை மண்டபத்தில் தலையைத் தூக்கி மேலே பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் இறவாப்பனை, பிறவாப்புளி கதை. ஒன்று சாகாத பனை, இன்னொன்று விதை முளைக்காத புளி. எந்தக் கோயிலானாலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மனதில் வைத்து நேரத்தைப் போடுங்கள்.

ஊட்டி மலை ரயிலைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் மூன்று வயதுப் பிள்ளை உட்காராது. அதற்குப் பதில் ஏழைக்கேற்ற ஒரு வழி இருக்கிறது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாசஞ்சரில் போய், ஸ்டேஷனில் இருக்கும் சின்ன ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, ஊட்டியிலிருந்து இறங்கி வரும் வண்டிக்குக் காத்திருக்கலாம். மாலை ஐந்தரை வாக்கில் வரும். குன்னூருக்கும் கல்லாருக்கும் நடுவே தண்டவாளத்துக்கு மத்தியில் பல் வைத்த இரும்பு இருக்கும், இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறி இறங்குகிறது. மலை ஏறும்போது இஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாலே போதும். இதற்கு மட்டும் வீடு திரும்ப ராத்திரியாகிவிடும், மறுநாள் லீவு வரும் ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்துக்காரர்களுக்குக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா நல்ல இடம். நாமக்கல்லில் கோட்டைப் பாறை ஏறலாம், ஆனால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சுட்டுவிடும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறு பூங்கா. பரளிக்காட்டில் வனத்துறை பரிசல் பயணமும் மலைமக்கள் சமையலும் அருமை, ஆனால் நான்கு பேருக்கு உங்கள் பட்ஜெட் தாங்காது. கொல்லிமலை வேண்டாம், 70 கொண்டை ஊசி வளைவில் பாப்பா வாந்தி எடுத்தே களைத்துவிடும்.

இதெல்லாம் இருக்கட்டும். செலவே இல்லாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் பழக்கம் நம்ம பக்கம் நோம்பியிலேயே, அதாவது பண்டிகையிலேயே இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் வரும் பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறும் கரும்பும் முறுக்கும் எடுத்துக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போவோம். கும்மியடித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவோம். இது சுற்றுலா இல்லாமல் வேறு என்ன? ஆடியில் தூரி கட்டி ஆடுவது, ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போவது எல்லாம் அப்படித்தான். ஊரில் அப்புச்சி, அம்முச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா, பாட்டி) இருந்தால் ஒரு ஞாயிறு தோட்டத்துச் சாளையில் விட்டுப் பாருங்கள். கன்றுக்குட்டியும் வரப்பும் இருந்தால் பொம்மை கேட்க மாட்டார்கள்.

இரண்டு திருவிழாக்களை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒன்று, தைப் பொங்கலை ஒட்டி உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில். மாடு கன்று நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைப்பார்கள். வரிசை வரிசையாக மண் மாடுகள் நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகள் அங்கிருந்து நகராது. இன்னொன்று ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா. அங்கே கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் பெரியவை. குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, பக்கத்தில் நின்று அதன் மூச்சுச் சத்தம் கேட்பது பெரிய அனுபவம். பின்னங்கால் பக்கம் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் கைதவறினால் என்ன செய்வது? கிளம்பும்போதே பிள்ளைகளின் முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். அன்று போட்ட சட்டையோடு ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்வேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், செலவு மிச்சமாவது இங்கேதான். தூக்குப்போசியில் காலைக்கு இட்லி, பொடி. மதியத்துக்குப் புளிச்சோறு ஒன்று, தயிர்ச்சோறு ஒன்று. தயிர்ச்சோறைத் தயிரில் பிசைந்தால் பத்து மணிக்கே புளித்துவிடும். சோறு சூடாக இருக்கும்போது பாலில் குழையப் பிசைந்து, ஆறிய பிறகு ஒரு கரண்டி தயிர் விடுங்கள், சாப்பிடும் நேரத்துக்குப் பக்குவமாக உறைந்திருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயில் ஏதாவது போட வேண்டும். வேகவைத்த நிலக்கடலை, கடலைமிட்டாய், கொய்யாப்பழம் போதும். சிப்ஸ் பாக்கெட்டைக் கொண்டுபோனால் குரங்குக்கும் உங்களுக்கும் சண்டைதான். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் வீட்டிலிருந்தே.

பொம்மைக்காரர், பலூன்காரர் எல்லா இடத்திலும் இருப்பார்கள். வீட்டிலேயே பையன் கையில் 30 ரூபாய் கொடுத்து, "இது உன் காசு, இதுக்குள்ள என்ன வேணும்னாலும் வாங்கிக்கோ" என்று சொல்லிவிடுங்கள். அப்பா பாக்கெட்டிலிருந்து வரும்வரை எல்லாம் வேண்டும் என்பவன், தன் காசு என்றதும் மூன்று கடை ஏறி விலை கேட்பான். பாதி நேரம் காசைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

கழிப்பிடம் அணைப் பக்கமெல்லாம் சுமார்தான். வழியில் பெட்ரோல் பங்கில் கேளுங்கள், அங்கே இலவசமாக விட வேண்டும். பாப்பாவுக்கு மாற்றுத் துணி இரண்டு செட், ஒரு பழைய துண்டு, ஈரத்துணி போட ஒரு கவர் கட்டாயம். மார்ச்சிலிருந்து மே வரை பதினோரு மணிக்கு மேல் வெளியே வைத்திருக்காதீர்கள். ஆடிக்காற்று காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெயில் உறைக்காது, ஊர் சுற்ற நல்ல நேரம். புழுதிக்கு ஒரு தொப்பி வேண்டும்.

இந்த ஞாயிறே தொடங்குவதென்றால் இப்படிச் செய்யுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதம் என்றால் நஞ்சராயன் குளம். வேறு மாதம் என்றால் சிவன்மலை. இரண்டுக்கும் பஸ், கோயில் செலவு, பையனுக்கு 30 ரூபாய், திரும்பி வரும்போது ஆளுக்கொரு இளநீர் எல்லாம் சேர்த்தாலும் 400க்குள் நிற்கும். மீதி 300ஐத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று, நான்கு ஞாயிறு சேர்ந்தால் அமராவதிக்கோ கொடிவேரிக்கோ உறுத்தலில்லாமல் போய் வரலாம், மீன் தட்டு இரண்டாகவே வாங்கலாம்.